ஷெட்டும் விஎம்சி எந்திரமும் ஒரே கடனில் வாங்கலாமா? அரசு கேரண்டி இருந்தால் வீட்டுப் பத்திரம் தேவையில்லையா?

கணபதி லேத்து:

வணக்கம். கோவை கணபதியில் வாடகை ஷெட்டில் 12 வருடமாக ஜாப் ஒர்க் செய்கிறேன். இரண்டு சாதா லேத், ஒரு சிஎன்சி டர்னிங், என்னையும் சேர்த்து நான்கு பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், கப்ளிங் என்று வருவதைக் கடைந்து கொடுப்போம். போன மாதம் ஷெட் ஓனர் வந்து, பையன் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டான், நான் இடத்தை விற்கப் போகிறேன், வேண்டுமென்றால் முதலில் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மூன்று சென்ட், மேலே ஆஸ்பெஸ்டாஸ். 60 லட்சம் கேட்கிறார். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்புக்கு 38 போட்டுக்கொள்வோம், மீதியைக் கையில் கொடுத்துவிடு என்கிறார்.

இன்னொரு பக்கம், மில்லிங் வேலையை எல்லாம் வெளியே கொடுத்தே எனக்கு நிற்க வேண்டியது போய்விடுகிறது. சின்ன விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடுகிற மில்லிங் எந்திரம்) ஒன்றுக்கு 30 லட்சம், ஜிஎஸ்டி தனி என்று கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒரே கடனாக வாங்கிவிடலாம் என்று நினைப்பு. பேங்கில் கேட்டால் சிஜிடிஎம்எஸ்இ என்கிற அரசு கேரண்டி டிரஸ்டில் போட்டால் அடமானம் இல்லாமல் தரலாம் என்கிறார்கள். ஒரு ஏஜென்ட், மொத்த 90 லட்சத்துக்கும் 25 சதவீதம் மானியம் வாங்கித் தருகிறேன், ஃபைல் போட 25 ஆயிரம் முன்பணம் கொடு என்கிறார்.

கையில் நகையோடு சேர்த்து 14 லட்சம் தேறும். ஷெட் வாடகை 22 ஆயிரம். ரிட்டர்னில் காட்டிய லாபம் 4.8 லட்சம், தேய்மானம் 2.7. வீடு அப்பா பெயரில் இருக்கிறது, அவர் பத்திரத்தைத் தர மாட்டார், நானும் கேட்கப் போவதில்லை. அரசே கேரண்டி நிற்கிறது என்றால் பயப்பட வேண்டியதில்லைதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு கடன் ஆபீசர்:

தம்பி, கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த கேரண்டி உங்களுக்கு இல்லை, பேங்குக்கு. நீங்கள் கட்டாமல் போனால் பேங்குக்கு வரும் நஷ்டத்தில் முக்கால் பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ அந்த டிரஸ்ட் கொடுக்கும். அதனால் உங்கள் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பேங்க் உங்கள் மேல் வழக்குப் போட்டு எந்திரத்தைத் தூக்கத்தான் செய்யும், வசூலாவதில் டிரஸ்டுக்கும் பங்கு போகும். என் சர்வீசில், கவர்ன்மெண்ட் கட்டிவிடும் என்று நினைத்து ஈஎம்ஐயை நிறுத்தினவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் அவர்கள் சிபிலைப் பார்த்து ஒரு டூவீலர் கடன்கூட யாரும் கொடுக்கவில்லை.

இந்த டிரஸ்ட் 2000இல் மத்திய அரசும் சிட்பி என்கிற சிறுதொழில் வங்கியும் சேர்ந்து தொடங்கியது. உச்சவரம்பு 2 கோடியாக இருந்து, 2023 ஏப்ரலில் 5 கோடி ஆனது, 2025 ஏப்ரலில் 10 கோடி. ஆகவே உங்கள் தொகை ஒரு பிரச்சினையே இல்லை. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு கட்டாயம், எடுத்திருப்பீர்கள். வருடா வருடம் கேரண்டி கட்டணம் உண்டு, அதைப் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் போடுவார்கள், வட்டியோடு கூட்டிப் பாருங்கள். அடமானம் இல்லை என்றால் வெளிச்சொத்து இல்லை என்று அர்த்தம். கடனில் வாங்குகிற ஷெட்டும் எந்திரமும் பேங்க் பெயரில் பிணையாகத்தான் இருக்கும்.

இப்போது கணக்கு. பேங்க் 75 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டை முழு 60க்கும் பத்திரம் போட்டால் உங்கள் பங்கு 15 லட்சம், முத்திரைக்கும் பதிவுக்கும் 9 சதவீதம், அது 5.4. விஎம்சிக்கு உங்கள் பங்கு 7.5, ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுவும் சொல்லி வைத்தாற்போல 5.4. மொத்தம் 33.3 லட்சம் கையில் வேண்டும், உங்களிடம் இருப்பது 14.

ஓனர் சொல்கிறபடி 38க்குப் பத்திரம் போட்டால் இன்னும் மோசம். பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் கடன், அதில் 75 சதவீதம் 28.5. மீதி 31.5 லட்சம் ஷெட்டுக்கு மட்டுமே நீங்கள் புரட்ட வேண்டும், அதில் 22 லட்சம் ரொக்கம். சொத்து விற்கும்போது 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதை ஓனரிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் வாங்கின விலை 38 என்றுதான் கணக்காகும், அந்த 22க்கும் சேர்த்து லாபம் என்று வரி கட்டுவீர்கள். முழு 60க்குப் போட்டால், 50 லட்சத்தைத் தொடுகிற சொத்து என்பதால் 1 சதவீதம் டிடிஎஸ் நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் திருப்பிக் கட்டுவது. வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், ஷெட்டுக்கு 45 லட்சம் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 59,500, எந்திரத்துக்கு 22.5 லட்சம் ஏழு வருடத்துக்கு 37,400. மாதம் 97 ஆயிரம், வருடம் 11.6 லட்சம். உங்கள் லாபமும் தேய்மானமும் சேர்ந்தால் 7.5, வாடகை மிச்சம் 2.6ஐச் சேர்த்தாலும் 10.1. இதில் வீட்டுச் செலவு இல்லை. வரியைக் குறைக்க லாபத்தைக் குறைத்துக் காட்டிவிட்டுக் கடன் கேட்க வரும்போது எல்லோருக்கும் இதே கதைதான். எந்திரம் மட்டும் என்றால் வருடம் 4.5 லட்சம். 7.5ஐ வைத்து அதைத் தாங்கலாம், விஎம்சி ஓடி வருகிற காசு தனி. ஷெட்டையும் எந்திரத்தையும் ஒரே கடனில் போடவே போடாதீர்கள், ஆயுளும் தவணையும் வேறு வேறு.

திருப்பூர் எம்ப்ராய்டரி:

அண்ணா, அந்த ஏஜென்டுக்கு 25 ஆயிரம் கொடுத்துவிடாதீர்கள், நான் 18 ஆயிரம் கொடுத்து ஏமாந்தவள். என்னிடமும் இதே மாதிரி மொத்தத் தொகைக்கும் மானியம் என்றுதான் பேச்சு. பிஎம்இஜிபி, நீட்ஸ், யுஒய்இஜிபி என்கிற அரசு மானியக் கடன் திட்டங்கள் எல்லாம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு. நீங்கள் 12 வருடமாக ஓட்டுகிறீர்கள், ஜிஎஸ்டி நம்பரைத் தட்டினாலே தெரிந்துவிடும். மனைவி பெயரில் புதுக் கம்பெனி மாதிரி காட்டலாம் என்று அடுத்துச் சொல்லுவார் பாருங்கள், அதே இடம் அதே எந்திரம் என்று மாவட்டத் தொழில் மையத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். பிஎம்இஜிபியில் நிலத்தின் விலை திட்டச் செலவிலேயே சேராது. அந்த மானியமும் கையில் வராது, மூன்று வருடம் பேங்கில் உங்கள் பெயரில் முடங்கிக் கிடந்து அப்புறம்தான் கடனில் கழியும்.

எந்திரத்துக்கு 15 சதவீதம் மத்திய மானியம் என்று ஒன்று இருந்தது, அதைச் சொல்லித்தான் என்னிடம் காசு வாங்கினார், அது 2020 மார்ச்சிலேயே முடிந்துபோனது. எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு மட்டும் தனித் திட்டமாக 25 சதவீதம், 25 லட்சம் வரை என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பிரிவு என்றால் கட்டாயம் கேளுங்கள்.

தமிழ்நாடு அரசின் மூலதன மானியம் ஒன்று உண்டு, எந்திர மதிப்பில் 25 சதவீதம், உச்சம் 1.5 கோடி. எல்லாத் தொழிலுக்கும் எல்லா ஊருக்கும் கிடையாது, முன்னுரிமைத் துறையா, பின்தங்கிய ஒன்றியமா என்று பார்ப்பார்கள். நேராகத் தொழில் மையத்துக்குப் போய் உங்கள் பொருளைச் சொல்லிக் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். கிடைத்தாலும் எந்திரம் வாங்கி ஓட்டின பிறகுதான் விண்ணப்பம், பணம் வரும்போது வரட்டும் என்று இருந்துகொள்ளுங்கள். நான் அதை நம்பி நூல்காரருக்குத் தேதி சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நாலு மாதம் வேறு தெருவழியாகப் போய்வந்தேன்.

குறிச்சிக்காரன்:

மேலே இரண்டு பேரும் பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் போன வருடம் வாங்கப்போன ஷெட் பாதியில் நின்றது பணத்தால் இல்லை. விலை பேசி, இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, பேங்கிலும் சரி என்றார்கள். சட்ட ஆலோசகர் 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், எல்லாம் பார்த்து ஓகே சொன்னார். அப்புறம் மதிப்பீட்டாளர் வந்தார். ஷெட்டைச் சுற்றி டேப் பிடித்துவிட்டு, கட்டட அனுமதி வரைபடத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தால் அதில் ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை! அந்த ஆள் என்னையும் பார்க்கிறார், உள்ளே ஓடுகிற பவர் பிரஸ்ஸையும் பார்க்கிறார், சமையலறை எங்கே சார் என்று கேட்கிறார். வீட்டுக்கு அனுமதி வாங்கி முப்பது வருடம் முன்னால் ஷெட் கட்டியிருக்கிறார்கள். ஃபைல் அங்கேயே நின்றது. அட்வான்ஸ் திரும்பி வர ஆறு மாதம்.

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைகள் எல்லாம் வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. உங்களுடையது குடியிருப்பு மண்டலமா, தொழில் மண்டலமா என்று முதலில் பாருங்கள். சொத்துவரி ரசீதை ஓனரிடம் வாங்கி வீடு என்று இருக்கிறதா, தொழிற்கூடம் என்று இருக்கிறதா பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மதிப்பீட்டாளர் ஒன்றும் பெரிதாகப் போட மாட்டார், நிலத்துக்குத்தான் விலை.

அப்படியும் ஷெட் வேண்டும் என்றால் கமர்ஷியல் பேங்க் மட்டும் இல்லை, டிஐஐசியிலும் கேளுங்கள். மாநில அரசு நிறுவனம், 1949இலிருந்து இருக்கிறது, நிலம், கட்டடம், எந்திரம் என்று கால நீட்சியோடு கடன் கொடுப்பதே அவர்கள் வேலை. ஆனால் ஆவணத்தில் அவர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ரிட்டயர்டு கடன் ஆபீசர்:

குறிச்சிக்காரர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். 2025 ஜனவரியில் எந்திரம் வாங்குகிற கடனுக்காகவே இன்னொரு கேரண்டித் திட்டம் வந்தது, 100 கோடி வரைக்கும் 60 சதவீத காப்பு. அதில் திட்டச் செலவில் பெரும்பகுதி எந்திரமாக இருக்க வேண்டும். உங்கள் 90இல் எந்திரம் 30தான், எனவே யாராவது அதைக் காட்டி ஆசை காட்டினால் நகர்ந்துவிடுங்கள். எப்படிப் பார்த்தாலும் முதலில் எந்திரம், ஷெட் அப்புறம். எந்திரத்துக்கு உங்கள் பங்கு 7.5, ஜிஎஸ்டி 5.4, ஆக 12.9. உங்கள் 14க்குள் அடங்குகிறது, ஜிஎஸ்டியை மாதா மாதம் நீங்கள் கட்டுகிற வரியில் கழித்துக்கொள்ளலாம். விஎம்சியை நாளைக்கு வேறு ஷெட்டுக்கு கிரேன் வைத்து ஏற்றிப் போய்விடலாம்.

ஆனால் வாடகை இடத்தில் எந்திரம் வைக்கக் கடன் கேட்டால் பதிவு செய்த லீஸ் கேட்பார்கள், குறைந்தது கடன் முடியும் காலத்துக்காவது. விற்கப்போகிற ஓனர் அதைத் தருவாரா?

கணபதி லேத்து:

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மனைவி பெயரில் புதுக் கம்பெனி ஐடியாவைச் சொன்னார், சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நேற்று ஓனரிடம் சொத்துவரி ரசீது வாங்கிப் பார்த்தேன். குடியிருப்பு என்றுதான் போட்டிருக்கிறது. வரைபடம் கிடையாதாம், அவருடைய அப்பா காலத்தில் கட்டியதாம். 60க்கு முழுப் பத்திரம் என்றால் யோசித்துச் சொல்கிறேன் என்றார், முகம் மாறிவிட்டது.

ஆகவே ஷெட்டை விடுகிறேன். சரவணம்பட்டி பக்கம் ஒரு சித்தப்பா வகையில் பத்து சென்ட்டில் பட்டறை கட்டி வாடகைக்கு விடுகிறார், ஏழு வருட லீஸ் பதிவு செய்து தரச் சம்மதித்திருக்கிறார், வாடகை 26 ஆயிரம். தொழிற்கூடம் என்று அனுமதி வாங்கிய வரைபடத்தை நானே கண்ணால் பார்த்தேன், அதில் சமையலறை இல்லை. அந்த இடத்துக்கு விஎம்சி மட்டும் சிஜிடிஎம்எஸ்இயில் போட்டுக் கேட்கப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அங்கே இப்போது 15 எச்பி மின் லோடுதான் வாங்கியிருக்கிறார், என் சிஎன்சியும் விஎம்சியும் சேர்ந்தால் பத்தாது. கூடுதல் லோடு ஓனர் பெயரில் கேட்க வேண்டும் என்கிறார்கள். டெபாசிட் யார் கட்டுவது?

குறிச்சிக்காரன்:

இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். காசு நீங்கள் கட்டுவீர்கள், காலி செய்யும்போது அவர் திருப்பித் தருவார் என்று லீஸ் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். சித்தப்பாவாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். எந்திரம் வந்து இறங்கும் முன்னால் லோடு ஏறியிருக்க வேண்டும், நான் அதை மறந்து முதல் ஈஎம்ஐ கட்டும்போது எந்திரம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.