‘ட்ரூப்’ இற்குத் தமிழ்ச்சொல் வேண்டும்: வெள்ளிக்கு முன்

உயர்தர ஆசிரியர், கொக்குவில்:
வணக்கம். ஒளிகாலும் இருவாயி (LED) பற்றிய கட்டுரையொன்றைப் பாடசாலை விஞ்ஞான மலருக்கு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். நீல இருவாயியின் வினைத்திறன் சதுர சென்ரிமீற்றருக்கு 10 அம்பியர் அளவிலோ அதற்கும் கீழேயோ உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் மின்னோட்டத்தைக் கூட்டினால் ஒளி கூடும், ஆனால் கொடுத்த மின்னுக்கு ஏற்பக் கூடாது. இதுதான் ட்ரூப் (droop). ‘வீழ்ச்சி’ என்றால் பிள்ளைகள் மின்னழுத்த வீழ்ச்சியோடு குழப்புவார்கள். மின்னோட்டத்தைக் குறைத்தால் பழையபடி வந்துவிடும், ஆகவே ‘தேய்வு’ம் சரிவராது.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
‘செயல்திறன் தொய்வு’ எல்லோருக்கும் புரியும். அப்புறம், ‘ஒளிகாலும்’ ஏன்? இங்கே ஒளி உமிழ் டையோடுதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மானிப்பாய்:
காலுதலும் உமிழ்தலும் ஒரே பொருள்தான் தம்பி. காலல் நிறமாலை என்று எழுதித்தான் எங்கள் பிள்ளைகள் சோதனை எடுக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இதே மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தவர். என் தெரிவு ‘வாட்டம்’. ஓடு ஓட்டமாகும், ஆடு ஆட்டமாகும், வாடு வாட்டமாகும். மின்னோட்டத்துக்கும் இதற்கும் ஒரே இலக்கணம். மேசன்மார் தரைக்கு வாட்டம் விடுவது சரிவு. உங்கள் வரைபும் சரிகிறது. வாடின கத்தரிக்கன்று தண்ணீர் விட நிமிரும், வினைத்திறனும் மீளும்.

பௌதிகவியல் விரிவுரையாளர், திருநெல்வேலி (யாழ்ப்பாணம்):
ஐயா, வாட்டம் என்றதும் வெயிலும் சூடும் நினைவுக்கு வரும். சூட்டால் ஒளி குறைவது வேறு. சில்லு (chip) சூடாகாதபடி மிகச் சிறிய துடிப்புகளாக மின்னோட்டம் கொடுத்தாலும் ட்ரூப் வரும். பிரதான காரணம் ஓஷே (Auger) மீள்சேர்க்கை: இலத்திரனும் துளையும் (இலத்திரன் இல்லாத வெற்றிடம்) மின்னைச் சுமக்கும் காவிகள்; அவை சேரும்போது வரும் சக்தி ஒளியாகாமல் மூன்றாவது காவியொன்றுக்குப் போய்விடுகிறது. மூன்று காவிகள் தேவைப்படுவதால் அதன் வீதம் காவிச் செறிவின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். ஒளிதரும் சேர்க்கை இரண்டாம் அடுக்கோடுதான். அதனால்தான் வடிவமைப்பவர்கள் ஒளிதரும் படையைத் தடிப்பாக்கியும் சில்லின் பரப்பைக் கூட்டியும் காவிகளைப் பரவவிடுகிறார்கள். ‘நெரிசல் இழப்பு’ என்றால் காரணமும் சொல்லிலேயே இருக்கும்.

மதுரை:
மின்முனை ஓரத்தில் மின்னோட்டம் குவிவதற்கு ‘நெரிசல்’ தேவைப்படும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம். காரணத்தைப் பெயருக்குள் வைப்பதும் ஆபத்து. ஓஷேயா, ஒளிதரும் படையைத் தாண்டும் இலத்திரன் கசிவா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். ஓஷே இலத்திரன்களை நேரடியாக அளந்த ஆய்வு 2013இல்தான் வெளிவந்தது. விளைவுக்கு மட்டும் பெயர் வைப்போம்.

மானிப்பாய்:
வாட வெயில் வேண்டியதில்லை. பசியில் வாடுகிறோம், முகம் வாடுகிறது.

கொக்குவில்:
சரி, இனிப் பொறுக்க நேரமில்லை. ஐயாவின் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுவதால் ‘வினைத்திறன் வாட்டம்’ என்றே போடுகிறேன். இது சூட்டினால் வருவதல்ல என்று அடியில் ஒரு வரியும் சேர்க்கிறேன்.

திருநெல்வேலி:
மலரில் போடுங்கள் ரீச்சர். என் விரிவுரையில் ‘மிகையோட்டத் திறனிழப்பு’ என்றுதான் எழுதுவேன். நீளம்தான், ஆனால் பிழையான படம் மனதில் விழாது.