அம்மா அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்துவிட்டார், இனி நடக்க விடலாமா?

பாளை மகள்:
அம்மாவுக்கு 73 வயது. பழைய காலத்து வீடு, நானும் அண்ணனும் கூடவே இருக்கிறோம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போகிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று கொஞ்ச நாளாக அதற்கும் ஒன்று. போன மாதம் விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படிப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். இந்த வாரம் மறுபடியும், அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்தாச்சு, நல்லவேளை எலும்புக்கு ஒன்றுமில்லை. அண்ணன் பயந்துபோய், இனி கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம், பெட்பேன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அம்மாவும் வாசலில் கோலம் போட வருவதை நிறுத்திவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் இன்னொரு தடவை விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டால்? வாக்கர் வாங்கு, கால்சியம் கொடு, பிசியோவிடம் போ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

மதுரை பிசியோ:
தயவுசெய்து கட்டிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நல்ல ஆரோக்கியமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. தொடையில் பலம் போன பிறகு பாத்ரூமுக்கு நாலு எட்டு வைப்பதே ஆபத்தாகிவிடும். பயத்தில் நடமாட்டத்தைக் குறைப்பது, அதனால் கால் தளர்வது, தளர்ந்ததால் மறுபடி விழுவது, இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட பலரை நான் தினமும் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும், எப்போதும் நடக்கிற வேகத்தில். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பயிற்சி என்றால் பலரும் வாக்கிங் போகச் சொல்வார்கள். வாக்கிங் நல்லதுதான், ஆனால் அது மட்டும் விழுவதைத் தடுக்காது, நிலை தடுமாறும்போது உடம்பைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் தனியாக வர வேண்டும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே வீட்டில் செய்கிற பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள், அங்கே செய்த ஆய்வுகளில் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, கணுக்காலில் சின்ன மணல் பை கட்டிக் காலைப் பக்கவாட்டில் தூக்குவது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொன்றை வைத்து 10 நொடி நிற்பது, பக்கவாட்டிலும் பின்னாலும் நடப்பது. வாரத்தில் 3 நாள், அரை மணி நேரம். பிடித்துக்கொண்டு செய்வது சுலபமானதும் ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், அங்கேதான் பலன் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு பிசியோ நேரில் பார்த்து அளவு சொல்லட்டும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வதும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மகளே, எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த மாத்திரைகள். விடியற்காலையில் எழுந்ததும் விழுந்தார் என்றால், படுக்கையிலிருந்து நிற்கும்போது பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, நின்ற பிறகு 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதே நேரத்தில் குளுக்கோமீட்டரிலும் பார்த்துவிடுங்கள், 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரை மாத்திரையின் அளவு மாற வேண்டியிருக்கும். பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் வைட்டமின் பி12 குறையலாம், கால் மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். தூக்க மாத்திரை வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வைட்டமின் டி ஊசி, பவுடர் என்று நிறையக் கொடுத்தால் நல்லது என்பதும் தப்பு. வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில் விழுந்தவர்கள்தான் அதிகமானார்கள்.

தலையில் அடிபட்டதா? ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள்.

தஞ்சை மருமகள்:
வீட்டையும் ஒரு சுற்று பாருங்கள். எங்கள் அத்தை விழுந்தது பாத்ரூம் வாசலில் கிடந்த மிதியடி வழுக்கித்தான். அதை எடுத்துவிட்டோம், டாய்லெட் பக்கம் சுவரில் துளைபோட்டுக் கைப்பிடி பதித்தோம் (துண்டு போடுகிற கம்பியைப் பிடித்தால் கையோடு வந்துவிடும், ஒட்டுகிற கைப்பிடியும் வேண்டாம்). கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் கரண்ட் போனாலும் எரிகிற விளக்கு, தரையில் புரளாத நைட்டி, தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதிலாகப் பின்பக்கம் வார் உள்ள செருப்பு. பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

பாளை மகள்:
ரொம்ப நன்றி. இன்று காலை பார்த்தோம், நின்றதும் மேல் எண் 26 குறைகிறது, நாளைக்கே டாக்டரிடம் போகிறோம். தலையில் அடி இல்லை, அந்த மாதிரி மாத்திரையும் இல்லை. அண்ணனும் இதையெல்லாம் படித்துவிட்டு, பிசியோவை வரச் சொல்லலாம் என்கிறார். அம்மாவின் பயத்துக்கு என்ன செய்வது? வாக்கரைக் கொண்டுவந்தால் தொடவே மாட்டேன் என்கிறார்.

மதுரை பிசியோ:
வாக்கர் தேவையா என்று பிசியோ பார்த்துச் சொல்லட்டும், கைத்தடியே போதுமானதாக இருக்கலாம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும், எந்தக் கால் பலவீனமோ அதற்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். டாக்டர் பார்க்கும் வரை, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு, யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் நிற்க வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் சின்னச் சின்ன எட்டாக வைத்துச் சுற்றச் சொல்லுங்கள்.

பயத்துக்கு நான் கண்ட நல்ல மருந்து, தரையிலிருந்து எழுந்திருக்கக் கற்றுக்கொடுப்பதுதான். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி முட்டிபோட்டு, தவழ்ந்து கட்டிலைப் பிடித்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். முதல் தடவை பிசியோ கூட இருக்கும்போது பாய் விரித்துச் செய்யட்டும். கோலம் போடுவதையும் விட்டுவிட வேண்டாம், பிரஷர் சரியாகும் வரை சாயங்காலம், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது போடட்டும்.