அலுமினியப் பெட்டிக்குள் என்எஃப்சி படிக்கவில்லை, பாதியில் நின்ற எழுத்து வேறு

கேள்வி:
டெம்பரேச்சர் டிரான்ஸ்மிட்டர் (வெப்பநிலையை அளந்து அனுப்பும் கருவி) போர்டு ஒன்றில் எஸ்டி25டிவி04கே சிப்; போனை அருகில் பிடித்து என்எஃப்சி ரேடியோ வழியாகப் படிக்கவும் எழுதவும் கூடிய மெமரி அது. சென்சார் வகை, ரேஞ்ச், அலாரம் வரம்பு எல்லாவற்றையும் போன் வழியாக, கரன்ட் கொடுக்காமலே எழுத வேண்டும். மேசையில் 3 செ.மீ. தூரத்தில் படிக்கிறது, அலுமினியப் பெட்டியில் மாட்டினால் போனை ஒட்டிப் பிடித்தாலும் படிப்பதில்லை. போனைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் பாதி பழைய மதிப்பு, பாதி புதிய மதிப்பு. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
மூடியும் அலுமினியமா? அப்படியானால் எந்த வித்தையும் பலிக்காது. ஆன்டெனாவுக்கு நேராகப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தே ஆக வேண்டும். உலோகம் பின்பக்கம் மட்டும்தான் என்றால் வழி இருக்கிறது. அதில் எடி கரன்ட் (காந்தப்புலம் உலோகத்தில் தூண்டும் சுழல் மின்னோட்டம்) ஓடி, ஆன்டெனாக் காயிலின் இண்டக்டன்ஸைக் குறைத்துவிடுகிறது; ரெசனன்ஸ் (காயில் சிக்னலை நன்றாக வாங்கும் அலைவரிசை) என்எஃப்சியின் 13.56 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி மேலே போகிறது. காயிலுக்கும் உலோகத்துக்கும் இடையில் ஃபெர்ரைட் ஷீட் (காந்தப்புலத்தைத் தன் வழியே திருப்பிவிடும் மெல்லிய தகடு) ஒட்டுங்கள். ஆனால் ஃபெர்ரைட் இண்டக்டன்ஸைக் கூட்டும், அதனால் ஷீட்டை ஒட்டி, பெட்டியில் மாட்டிய பிறகே டியூன் செய்யுங்கள். சிப்புக்குள் இருக்கும் கபாசிட்டர் 28.5 பிகோஃபாரட், அதற்குக் காயிலின் இண்டக்டன்ஸ் சுமார் 4.8 மைக்ரோஹென்றி வேண்டும். காயிலுக்கு அடியில் எந்த லேயரிலும் கிரவுண்ட் காப்பர் இருக்கக் கூடாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மறுமொழி 2:
எழுதுவது பாதியில் நிற்கும் பிரச்சினைக்கு, சிப்பின் மெமரியில் இரண்டு ஸ்லாட் (தனித்தனி இடம்) வையுங்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண், அளவுருக்கள், கடைசியில் சிஆர்சி (தரவு முழுமையாக இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்). ஆப் எப்போதும் பழைய ஸ்லாட்டின் மேல் எழுதட்டும். சிஆர்சி பிளாக் கடைசியாகப் போகட்டும். பவர் வந்ததும் மைக்ரோகன்ட்ரோலர், சிஆர்சி பொருந்துகிற ஸ்லாட்களில் வரிசை எண் பெரியதை எடுத்துக்கொள்ளும். போனை நடுவில் எடுத்தால் பழைய செட்டிங் அப்படியே நிற்கும். சிஆர்சி சரி என்பதற்காக மதிப்பை நம்பிவிடாதீர்கள்: கீழ் வரம்பு மேல் வரம்பைவிடச் சிறியதா என்று ஃபர்ம்வேரிலும் பாருங்கள். சிப்பில் உள்ள மெயில்பாக்ஸ் (போனும் மைக்ரோகன்ட்ரோலரும் தரவை மாற்றிக்கொள்ளும் தற்காலிக இடம்) உங்களுக்கு உதவாது, அதற்கு விசிசி, அதாவது போர்டின் பவர் வேண்டும்.

மறுமொழி 3:
இன்னும் இரண்டு. போன் சிப்போடு பேசிக்கொண்டிருக்கும்போது ஐ2சி பக்கம் (மைக்ரோகன்ட்ரோலர் சிப்போடு பேசும் கம்பி வழி) நாக், அதாவது ‘இப்போது முடியாது’ என்ற மறுப்பு வரும். அது பழுதல்ல, சில மில்லிசெகண்ட் விட்டு மறுபடி முயலுங்கள். ஆர்எஃப் பாஸ்வேர்டு (போன் வழியாக எழுதுவதைப் பூட்டும் கடவுச்சொல்) ஃபேக்டரியில் முழுக்கப் பூஜ்யம். அதை மாற்றாமல் அனுப்பினால் பக்கத்தில் வருகிற எந்தப் போனும் அலாரம் வரம்பை மாற்றிவிடும். மாற்றினாலும் அந்த 64 பிட் மறைக்கப்படாமல் காற்றில் போகிறது, ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் வேறு வேறாக வையுங்கள்.

கேட்டவர்:
மூடி பிளாஸ்டிக்தான், அடித்தட்டு மட்டும் அலுமினியம். ஃபெர்ரைட் எத்தனை மி.மீ.?

மறுமொழி 1:
0.2 அல்லது 0.3 எடுங்கள். காயிலின் வெளி விளிம்பைத் தாண்டிச் சில மி.மீ. நீண்டிருக்கட்டும்.