பேரப்பிள்ளைகளும் ராச்செபமும்: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ராச்செபத்துக்குக் கூப்பிட்டால் பேரன் போனோடு மறைந்துவிடுகிறான், பேத்தி பாதியிலேயே தூங்கிவிடுகிறாள் என்று. ‘வற்புறுத்தாதீங்க அம்மம்மா, கதை சொல்லுங்க’ என்று பலர் எழுதியிருந்தீர்கள்.

சரி, முதலில் என் செபத்தைச் சுருக்கினேன். உண்மையில் குற்றம் என்னிடம்தான். அரை மணித்தியாலம் இழுத்தால் எந்தப் பிள்ளை இருக்கும்? கண் மங்கல் என்று சொல்லி, வேதப் புத்தகத்தைப் பேரனிடம் கொடுத்தேன். 23ஆம் சங்கீதத்தில் ‘தாழ்ச்சியடையேன்’ என்ற இடத்தில் தடக்கினான். “அப்பிடியெண்டா என்ன, அம்மம்மா?” சோற்றுப் பானையைக் காட்டினேன். “இது குறையாது, மனே.” சிரித்தான்.

வில்லியம் ஓல்ட் கதையும் சொன்னேன். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி, பள்ளிக்கூடம் தொடங்கி, மறு வருடமே இறந்துபோனவர். பேரனுக்கு அவர் வந்த கப்பல்தான் பிடித்தது, பரவாயில்லை.

பேத்திதான் மடக்கிவிட்டாள். 2019 ஈஸ்டரில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். “கும்பிடப் போன பிள்ளையளை ஆண்டவர் ஏன் காப்பாத்தல்ல?” எனக்கு விடை தெரியாது, அதையே சொன்னேன். மெழுகுதிரி ஏற்றி மூவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

நேற்று மின்சாரம் போனது. நான் கூப்பிடவில்லை. பேத்தியே மெழுகுதிரியைத் தேடி எடுத்துவந்து பாயை விரித்தாள். பேரன் இன்னும் போனைத் தலையணைக்கடியில்தான் வைக்கிறான்.