எக்ஸோம் மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை, என்.சி.எஃப்1 மரபணுவைத் தனியாக எங்கே சோதிக்கிறார்கள்?

என் மகளுக்கு 4 வயது. ஊர் மதுரை. ஒன்றரை வயதில் கழுத்தில் நெறி கட்டிச் சீழ் பிடித்தது. போன ஆண்டு கல்லீரலில் சீழ்க்கட்டி, இந்த ஜனவரியில் நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் திறனைப் பார்க்கும் டி.எச்.ஆர் ரத்தச் சோதனை இரண்டு முறையும் குறைவாகவே வந்தது. பரம்பரை எதிர்ப்புச் சக்திக் குறைபாடான சி.ஜி.டி என்கிறார் மருத்துவர். நானும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன்.

மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை ஒரே நேரத்தில் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை செய்தோம். அதே தரவை மறுபடி ஆராயவும் வைத்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. சி.ஜி.டிக்குக் காரணமாகக்கூடிய மரபணுக்களில் ஒன்று என்.சி.எஃப்1. அதற்கு ஏறக்குறைய அச்சு அசலாக இரண்டு போலி மரபணுக்கள் (வேலை செய்யாத நகல்கள்) அருகிலேயே இருப்பதால், அதில் 2 டி.என்.ஏ எழுத்துகள் விடுபட்டிருந்தாலும் எக்ஸோம் தவறவிடுமாம்.

இப்போது நான் 8 வாரக் கர்ப்பம். 11ஆம் வாரத்துக்குப் பிறகு கருவைச் சோதிக்கலாம், ஆனால் பிறழ்வு எதுவென்று முன்பே தெரிய வேண்டும்.

என்.சி.எஃப்1 மரபணுவை மட்டும் தனியாகச் சோதிக்கும் ஆய்வகம் இந்தியாவில் எங்கே இருக்கிறது?