6க² − 7க − 20: அடைப்புக்குறி ரெண்டும் ஒண்ணா வர மாட்டேங்குது (பத்தாம் வகுப்பு, தனித்தேர்வு)

கண்டாங்கி (காரைக்குடி)

வணக்கம். வயசு 39. பத்தாம் வகுப்புக் கணக்கைத் தனித்தேர்வரா எழுதணும். மூணாவது பாடம், இயற்கணிதம், ஆரம்பிச்சிருக்கேன். வட்டிக் கணக்கெல்லாம் மனசுலயே போட்டுடுவேன், எழுத்து வந்தா நின்னுடுது. தமிழ்ல அடிக்கிறதால எக்ஸுக்குப் பதிலா 'க' போட்டிருக்கேன்:

6க² − 7க − 20
= 6க² + 8க − 15க − 20
= 2க(3க + 4) − 5(3க − 4)

இதுக்கு மேல நகரலை. எட்டாம் வகுப்புப் புத்தகத்துல இருந்தே திரும்பப் படிக்கணுமா? ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும்.

தேவகோட்டை ரஸ்தா

முதல்ல 'க' வேண்டாம் ஆச்சி. பழைய கணக்கேட்டுல க-ன்னா 1. 'ம'-ன்னு வச்சுக்குவோம், எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது.

ரெண்டாவது வரி வரைக்கும் சரி. கடைசி வரியில −15ம − 20-ல இருந்து −5-ஐ வெளியே எடுக்கிறீங்க. −15ம ÷ −5 = 3ம. −20 ÷ −5 = +4. நீங்க −4 எழுதியிருக்கீங்க. எண்ணை வகுத்தீங்க, குறியை வகுக்கலை. சரியா எழுதினா

2ம(3ம + 4) − 5(3ம + 4) = (3ம + 4)(2ம − 5)

மைனஸை வெளியே எடுத்தா உள்ளே இருக்கிற ஒவ்வொரு குறியும் திரும்பும். எடுத்த கையோட திருப்பிப் பெருக்கிப் பாருங்க: −5 × −4 = +20. மேல் வரியில −20 இருக்கு, அங்கேயே தப்பு மாட்டிக்கும்.

8, 15-ஐ எப்படிப் பிடிச்சீங்கன்னு தெரியலை. நிறையப் பேர் 1×120, 2×60-ன்னு ஓரத்துல இருந்து தேடி நேரத்தை விடுவாங்க. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கினா 6 × 20 = 120. வர்க்கமூலம் 11-க்குக் கொஞ்சம் கம்மி, அதனால நடுவுல இருந்து வெளியே போங்க: 10×12 வித்தியாசம் 2, 8×15 வித்தியாசம் 7, அதுதான் நடு உறுப்போட எண். கிடைச்சாச்சு. கடைசி உறுப்பு மைனஸா இருந்தா வித்தியாசம் பார்க்கணும், பெரிய எண்ணுக்கு நடு உறுப்போட குறி. கடைசி உறுப்பு ப்ளஸ்னா கூட்டுத்தொகை, ரெண்டுக்கும் ஒரே குறி.

எட்டாம் வகுப்பு முழுக்கத் தேவையில்லை. இந்த மூணையும் புத்தகம் பார்க்காம போடுங்க:

5 − 3(ம − 4) = 2
(ம + 3)² = ?
(2ம + 6)/2 = ?

முதல்ல ம = 5 வரணும்; வரலைன்னா −3 × −4 = +12-ங்கிற இடத்துல வழுக்கியிருக்கீங்க. ரெண்டாவதுக்கு ம² + 9 எழுதினா, ம-க்கு 1 போட்டுப் பாருங்க: இந்தப் பக்கம் 16, அந்தப் பக்கம் 10. நடுவுல 6ம விட்டுப்போச்சு. மூணாவது ம + 3. ம + 6-ன்னு வந்தா, மேலே ஒரு உறுப்பை மட்டும் வகுத்துட்டு இன்னொண்ணை விட்டுட்டீங்க. மூணும் சரின்னா இப்ப இருக்கிற பாடத்துலயே தொடரலாம். ஒண்ணு தப்புன்னாலும் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்துல அந்தப் பயிற்சி மட்டும், பத்து நாள்.

முந்திரிக்கணக்கு

குறிக்கு அடுத்தபடியா பெரியவங்களைக் கவிழ்க்கிறது பின்னம். பத்தாம் வகுப்புல விகிதமுறு கோவைன்னு (கீழேயும் எழுத்து வர்ற பின்னம்) வரும்போது தெரியும்.

'முக்காலே மூணு வீசம்'னு சும்மா சொல்றோமே, அது எவ்வளவு? வீசம் 1/16. முக்காலை 12 வீசமா மாத்தினாத்தான் 3 வீசத்தைக் கூட்ட முடியும், ஆக 15/16. கீழே உள்ளதை ஒண்ணாக்காம கூட்டக் கூடாதுங்கிற முறை இதுதான். எழுத்து வந்தாலும் அப்படியே:

3/ம + 2/(ம + 1) = [3(ம + 1) + 2ம] / ம(ம + 1) = (5ம + 3) / ம(ம + 1)

மேலேயும் கீழேயும் தனித்தனியாக் கூட்டி 5/(2ம + 1) எழுதுறவங்க ஏராளம். ம = 1 போட்டா நிஜ விடை 4, அவங்களுக்கு 5/3. சந்தேகம் வந்த எந்த வரியிலயும் சின்ன எண் ஒண்ணைப் போட்டுப் பாருங்க. 0 வேண்டாம், பல தப்பை அது மறைச்சுடும். 1-ம் சில சமயம் ஏமாத்தும் (1² = 1). 2 அல்லது 3 நல்லது.

வட்டி மனசுல வரும்னீங்க. அதையே எழுத்துல எழுதிப் பழகுங்க. 50,000 ரூபாயில கொஞ்சம் ஒரு வட்டிக்கு, மீதி ரெண்டு வட்டிக்கு. மாசம் வர்ற வட்டி 800.

ம + ந = 50,000
ம/100 + 2ந/100 = 800

ரெண்டாவதை 100-ஆல பெருக்கினா ம + 2ந = 80,000. கழிச்சா ந = 30,000, ம = 20,000. பெருக்கும்போது வலது பக்க 800-ஐ மறந்து அப்படியே விடுறது சகஜம். மனசுல 200 + 600-ன்னு சரிபார்க்கத் தெரிஞ்ச உங்களுக்கு அந்தத் தப்பு ஒரு நிமிஷம் தாங்காது.

பட்டாலை

வர்க்கப் பூர்த்தி (ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்க்கிற முறை) வரும்போது முழிக்காம இருக்க இப்பவே சொல்லிடறேன். ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரையை மனசுல வச்சுக்கங்க.

ம² + 6ம = 40

ம கல்லுக்கு ம கல் ஒரு சதுரம். 6ம-ஐப் பாதியாக்கி, 3 கல் அகலப் பட்டை ஒண்ணு வலப்பக்கம், ஒண்ணு கீழே. மூலையில 3×3 இடம் காலியா இருக்கும். அதை நிரப்ப 9 கல். ரெண்டு பக்கமும் 9 கூட்டினா (ம + 3)² = 49, ம + 3 = ±7, ம = 4 அல்லது −10. 'பாதியாக்கி வர்க்கப்படுத்திக் கூட்டு'ன்னு மனப்பாடம் பண்றதுக்குள்ள இருக்கிற விஷயம் இந்த மூலைதான்.

ரெண்டு இடத்துல கெடும். முதல்ல, ±ஐ விட்டுட்டு 4-ஓட நிறுத்துறது. கல் எண்ணிக்கைன்னா −10-ஐத் தள்ளலாம், சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னா தள்ளக்கூடாது. அடுத்தது, 2ம² + 12ம = 32 மாதிரி ம²-க்கு முன்னாடி கெழு (பெருக்கி நிக்கிற எண்) இருந்தா, முதல்ல மொத்தத்தையும் 2-ஆல வகுக்கணும். வகுக்காம 12-ல பாதி 6, அதோட வர்க்கம் 36-ன்னு கூட்டினா இடது பக்கம் சதுரமே ஆகாது. வகுத்தா ம² + 6ம = 16, விடை 2, −8.

வார்த்தைக் கணக்குக்கு ஒண்ணு: சதுர வளவு (வீட்டு உள்முற்றம்), ஓரம் சுத்தி ஒரு வரிசை பார்டர் கல் 76. ஒரு பக்கத்துக்கு எத்தனை? 4ம = 76, 19-னு எழுதத் தோணும். நாலு மூலைக் கல்லையும் ரெண்டு தடவை எண்ணிட்டோம். 4ம − 4 = 76, ம = 20.

கண்டாங்கி

மூணு கணக்குல முதலாவது தப்பு, மத்த ரெண்டும் சரி. 12-ஐ மைனஸாவே எழுதியிருந்தேன். ரஸ்தா அண்ணே, இதையும் பார்த்துச் சொல்லுங்க: (ம − 2)(ம − 3) = 2. நான் ம − 2 = 2, ம − 3 = 2-ன்னு பிரிச்சு 4, 5 போட்டேன். 4 சரியா வருது, 5 வரலை. பரீட்சைக்கு எதை முதல்ல பிடிக்கணும்?

தேவகோட்டை ரஸ்தா

4 வந்தது தற்செயல். தனித்தனியாப் பிரிக்கிறது வலது பக்கம் பூஜ்யமா இருந்தா மட்டும்தான்: பெருக்கல் பூஜ்யம்னா ஒண்ணாவது பூஜ்யமா இருந்தாகணும். பெருக்கல் 2-ன்னா 1×2, −1×−2, ½×4 எதுவா வேணா இருக்கலாம். பெருக்கி எழுதுங்க: ம² − 5ம + 6 = 2, ம² − 5ம + 4 = 0, (ம − 1)(ம − 4) = 0. விடை 1, 4. இதே குடும்பத்துல இன்னொரு தப்பு: ம² = 5ம-ஐ ம-ஆல வகுத்து 5-ன்னு முடிக்கிறது. 0-ங்கிற விடை காணாமப் போயிடும்.

பரீட்சை 100 மதிப்பெண், 3 மணி நேரம்: ஒரு மதிப்பெண் 14, ரெண்டு மதிப்பெண் 10, அஞ்சு மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. தேர்ச்சிக்கு 35. அந்த எட்டு ரெண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். 16 மதிப்பெண் அங்கேயே கிடக்கு, அதனால வரைபடத்தைத் தள்ளிப்போடாதீங்க.

அதுலயும் உங்க பழைய எதிரிதான் வருவான். ம² + ம − 2-க்கு அட்டவணை போடும்போது ம², ம, −2 மூணுக்கும் தனித்தனி வரிசை. ம = −3-ன்னா ம² = 9, −9 கிடையாது. −3 முதல் 2 வரை போட்டா 4, 0, −2, −2, 0, 4. இப்படி ரெண்டு பக்கமும் ஒத்து வரணும். வரலைன்னா ஒரு புள்ளி தப்பு. அடியில ரெண்டு −2 வருதுன்னு ஸ்கேல் வச்சு நேர்கோடா இழுத்துடாதீங்க. வளைவு −½-ல −2.25 வரைக்கும் இறங்கித்தான் ஏறும், கையால வளைச்சு வரையணும். அளவுத்திட்டத்தைத் தாளோட மூலையில எழுத மறக்காதீங்க.

முக்கால் மணி நேரத்துல முதல் பத்து நிமிஷம் நேத்துத் தப்பாப் போன கணக்கை, பழைய விடையை மூடி வச்சுட்டுத் திரும்பப் போடுங்க. இன்னைக்கு அது 5 − 3(ம − 4) = 2.