பழைய எஞ்சினில் பிஸ்டன் பின் பொருத்தம்: கைக்குத் தெரிவதும் தெரியாததும்

வடசேரியிலிருந்து:

பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-ஐ வைத்தே சொல்கிறேன். பிஸ்டனைக் கன்ராடோடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) கோக்கும் உருளைதான் பின். அதன் விட்டம் முக்கால் இஞ்ச், அதாவது 19.05 மி.மீ. எஞ்சினை இளக்கியதும் பின்னை அப்படியே பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்றால் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். பின் உட்காரும் இடம் மூன்று: பிஸ்டனின் இரண்டு காதுத் துளைகள், நடுவில் கன்ராடின் சின்ன எண்டில் (பிஸ்டன் பக்க முனையில்) இருக்கும் புஷ், அதாவது துளைக்குள் ஏற்றிய வளையம். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எது தேய்ந்தது என்று தெரியும்.

முதலில், பின் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்கிளிப்பின் காடியில் இருக்கும் கரியைச் சுரண்டி எடுங்கள். முன்பு யாரோ கிளிப்பை நெம்பியபோது துளை ஓரத்தில் பிசிறு எழும்பியிருக்கும். பின் அதில் முட்டினால் இறுக்கமாக இருப்பதுபோலக் காட்டும். பிசிறை மட்டும் ஸ்கிரேப்பரால் மெல்ல எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, 20டபிள்யூ-50 ஆயில் ஒரு துளி தடவுங்கள். பிஸ்டன் துளையில் கட்டைவிரலால் அமுக்கினால் பின் சீராகப் போக வேண்டும், தானாக விழக்கூடாது. முதல் காதில் வழுக்கிப் போய் இரண்டாவது காதின் வாயில் நின்றால், துளைகள் ஒரே கோட்டில் இல்லை, அல்லது ஒன்று நீள்வட்டமாகிவிட்டது. புஷ்ஷில் கதை வேறு. ஆயில் தடவியதும் பின் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும், மேல்கீழ் ஆட்டம் மட்டும் இருக்கக் கூடாது. கன்ராடு பின்மேல் பக்கவாட்டில் நகர்வதை ஆட்டம் என்று எண்ணிப் புது புஷ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நகர்வு இருக்க வேண்டியதுதான்.

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி சொன்ன கட்டைவிரல் சோதனைக்கு நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்கணும். அளவுக் கணக்குக்கு அடிப்படை 20 டிகிரி. நாகர்கோவிலில் மத்தியானம் பட்டறைக்குள் 32 டிகிரி சாதாரணம். அலுமினிய பிஸ்டன் இரும்புப் பின்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 19 மி.மீ. துளையில் இந்த 12 டிகிரிக்கே சுமார் 0.002 மி.மீ. இளகிவிடும். கட்டைவிரல் பிட்டின் மொத்த இடைவெளியே 0.003 முதல் 0.008 மி.மீ. வரைதான் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. பின்னையும் பிஸ்டனையும் ராத்திரி ஒரே மேசையில் வைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறும் முன் பாருங்கள். பின்னை உள்ளங்கையில் பொத்தி வைக்க வேண்டாம், கைச்சூட்டில் அது பெருத்துவிடும். பிஸ்டன் மட்டும் வெயிலில் கிடந்தால் நேர்மாறு.

இறுகிய பின்னைக் கழற்றவும் இதே விதிதான். பிஸ்டன்மேல் கொதிக்கிற தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினால், 100 டிகிரியை நெருங்கும்போது 0.012 மி.மீ. அளவுக்குத் துளை விலகிக் கொடுக்கும். சுத்தியலால் அடித்தால் கன்ராடு வளையும். வளைந்த ராடில் எந்தப் பின்னும் சரியாக உட்காராது.

தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்க்கலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். வேண்டாம். அது 24 டிகிரிப் பக்கம் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் தளர்வான பின்கூட இறுக்கமாகத் தோன்றும்.

குழித்துறையிலிருந்து:

பழைய பம்ப்செட் டீசல் எஞ்சின்களில் வார்ப்பிரும்பு பிஸ்டன் வரும். வார்ப்பிரும்பும் எஃகும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரிபவை என்பதால் வெந்நீர் அங்கே உதவாது. ஓடிச் சூடானதும் இளகிவிடும் என்று நம்பிப் பின்னை இறுக்கிப் போடுவதும் ஆபத்து.

புஷ் மாற்றுவதைப் பற்றி. புஷ்ஷின் வெளி அளவு ராடுத் துளையைவிடச் சுமார் 0.05 மி.மீ. பெரிதாக இருக்கும். நீண்ட போல்ட், நட், சரியான அளவுக் குழாய்த்துண்டு இவற்றை வைத்து இழுத்தே ஏற்றணும். ஏறியதும் உள்துளை சுருங்கும். கடையில் பின் வழுக்கிப் போன புஷ் ராடில் ஏறிவிட்டால் பின்னை வாங்காது. அதனால் புஷ்ஷை ஏற்றிய பிறகுதான் ரீமர் (துளையைத் துளித்துளியாக அகலப்படுத்தும் வெட்டுக்கருவி) போடணும். ஏற்றும்போதே ஆயில் துளையை ராடின் துளையோடு நேர்பார்த்து வையுங்கள். விலகினால் டிரில் போட்டுத் திறந்து, பிசிறு எடுத்து, அப்புறம் ரீம் பண்ணுங்கள். அட்ஜஸ்டபிள் ரீமரை ஒவ்வொரு தடவையும் துளியளவே விரித்து, ஒரே திசையில் சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் வெட்டுமுனை மழுங்கும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் 0.013 முதல் 0.025 மி.மீ. இடைவெளி போதும். ரீமர் கைநடுக்கத்தில் சாய்ந்தால் துளையின் வாய் அகன்று, நடு மட்டும் பிடிக்கும். அது கைக்குத் தெரியாது. துளையின் உள்ளளவு பார்க்கும் போர் கேஜை மூன்று ஆழத்தில் வைத்தால்தான் தெரியும். கடைசியாக, சின்ன எண்டிலும் பெரிய எண்டிலும் நீண்ட பின் மாட்டி இணையாக இருக்கிறதா என்று டயல் கேஜில் பாருங்கள். 100 மி.மீ. நீளத்துக்கு 0.05-க்கு மேல் போனால் ராடை நிமிர்த்தணும்.

குளச்சலிலிருந்து:

கடற்கரை ஊர்களில் வருடக்கணக்கில் கிடந்த எஞ்சின் என்றால் அளவுக்கு முன்னால் பின்னின் மேற்பரப்பைப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு குத்திக் குழிவிட்ட பின்னை எமரித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் போடுகிறார்கள். மேலே இருக்கும் கெட்டிப்படுத்திய தோல் மெல்லியது, குழியின் விளிம்பு புதுப் புஷ்ஷையும் அரம்போல அராவும். மைக்ரோமீட்டரை இரண்டு முனை, நடு என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். புஷ் ஓடிய ஓரத்தில் நகத்துக்குப் படி தட்டினாலோ, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ அந்தப் பின் வேண்டாம்.

வடசேரியிலிருந்து:

1489 சிசி அம்பாசடர் பற்றிக் கேட்டவருக்கு: அதில் பின்னைக் கன்ராடிலேயே போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், சின்ன எண்டில் புஷ் கிடையாது. பின் ஆடுவது பிஸ்டன் காதுகளில் மட்டுமே. போல்டை இறுக்கும்போது ராடை வைஸில் பிடித்தால் முறுக்கிவிடும். பின்னின் இரண்டு முனையிலும் அடைப்பு கொடுத்துப் பின்னைத்தான் பிடிக்க வேண்டும்.

புல்லட்டுக்குச் சர்க்கிளிப் எப்போதும் புதுசு போடுங்கள். கம்பிக் கிளிப்பின் வாய் மேலே அல்லது கீழே பார்க்கட்டும். பக்கவாட்டில் இருந்தால் பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தில் அது சுருங்கிக் காடியைவிட்டு வந்து சிலிண்டரின் உள்சுவரைக் கீறும். கிளிப் மாட்டுமுன் கிராங்க்கேஸ் வாயில் துணி அடைக்க மறக்காதீர்கள்.